ஜப்பான் ரோபோவும் இருபத்தொன்றாவது தட்டும்

பெட்டியைப் பிரிக்காமல் பொம்மை வைத்திருக்கும் ஆளை நம்பி எந்தக் காரியத்தையும் ஒப்படைக்காதீர்கள். பொறாமையில் சொல்லவில்லை, நானே அப்படிப்பட்ட ஆள்தான். என்னை நம்பி ஒப்படைத்தவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பத்து வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. கோயம்புத்தூரில் மோட்டார் உதிரிபாகக் கடை, நல்ல மனைவி, கொஞ்சம் தொப்பை. இத்தனை இருந்தால் ஒரு மனிதன் சும்மா இருந்திருக்கலாம். நான் பழைய விண்வெளிச் சாகசப் படங்களின் பொம்மைகளைச் சேகரிக்க ஆரம்பித்தேன். தகர ராக்கெட், சாவி கொடுத்தால் சுற்றும் பறக்கும் தட்டு, மூக்கு நீண்ட கதிர்த் துப்பாக்கி, தலையில் கண்ணாடிக் குடுவை கவிழ்த்த இயந்திர மனிதன். அந்தப் படங்களை நீங்களும் எங்காவது பார்த்திருக்கலாம். ராக்கெட் பறக்கும்போது அதைக் கட்டித் தொங்கவிட்ட கயிறு தெரியும். கதாநாயகன் வேற்றுக்கிரகத்தில் இறங்கி, அட்டையில் செய்த மலைமேல் கை வைத்தால் மலை ஆடும். அதைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் அவருக்கு ரசனை இல்லை என்று அர்த்தம்.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். கொஞ்சம் தூரத்தில் பார்ப்பேன். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சின்ன வயசுல தியேட்டர்ல பார்த்தேங்க. மனசுல அப்படியே நின்னுபோச்சு" என்பேன். பச்சைப் பொய். சின்ன வயதில் நான் தியேட்டரில் பார்த்ததெல்லாம் பாம்பு பழிவாங்கும் படங்கள். விண்வெளிப் படத்தை முதன்முதலாகப் பார்த்தது இருபத்தொன்பது வயதில், லேப்டாப்பில். அதிலும் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டேன். (அந்தப் படத்தில் இடைவேளையே கிடையாது என்பது பிற்பாடு தெரிந்தது.)

என்னைப் போல இன்னும் எட்டுப் பேர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். அந்தக் குழுவுக்கு ஒரே ஒரு வேதம்தான்: பெட்டியைத் திறக்காதே. திறக்காத பெட்டிக்குத்தான் மதிப்பு, திறந்துவிட்டால் அது வெறும் விளையாட்டுச் சாமான். ஆகவே நாங்கள் பொம்மைகளைப் பற்றிப் பேசியதே இல்லை, பெட்டிகளைப் பற்றித்தான் பேசினோம். "மூலை மடங்காம இருக்கு பாருங்க" என்று ஒருவர் படம் போட்டால் மற்ற எட்டுப் பேரும் கைகூப்புவோம். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருத்தர், வேலைக்காரம்மா துடைக்கும்போது பெட்டியின் ஓரம் அரை அங்குலம் கிழிந்துவிட்டது என்று மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருந்தார். நாங்கள் துக்கம் விசாரித்தோம்.

என் மனைவி மஞ்சுளா ஒருநாள் என் கண்ணாடி அலமாரியை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "எப்பவுமே தொறக்கறதில்லைன்னா, உள்ளுக்கு பொம்மை எதுக்குங்க? வெறும் பெட்டியா வாங்கியிருந்தா செலவு மிச்சமாயிருக்குமே?"

நான் அவளை இரக்கத்தோடு பார்த்தேன். பிறகு ஒரு பிரசங்கம் செய்தேன். அந்தப் பிரசங்கத்தை நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும். யுத்தம் முடிந்த காலத்தில் ஜப்பானில் தகரத்துக்குப் பஞ்சம். தூக்கிப்போட்ட உணவு டப்பாக்களைத் தட்டி நிமிர்த்தி, அதில்தான் பொம்மை செய்தார்கள். வெளிப்பக்கம் புது வண்ணம், உள்பக்கம் பழைய டப்பாவின் அச்சு அப்படியே இருக்கும். "உள்ளுக்குள்ள எழுத்து இருந்தா அசல். அதுதான் அடையாளம்" என்று முடித்தேன். மஞ்சுளா, "அப்ப எச்ச டப்பாதானுங்களே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

என் தங்கை சுதாவைக் காங்கயத்தில் கொடுத்திருந்தோம். அவள் மாமனார் சின்னச்சாமி மாமாவுக்குத் தேங்காய்க் களமும் எண்ணெய் மில்லும் இருந்தன. தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனிதர். அவரும் அத்தையும் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் அலமாரியைத் திறந்து முக்கால் மணி நேரம் விளக்கினேன். மாமா காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "சரிங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்றையிலிருந்து காங்கயத்தில் சுதாவுக்கு 'பொம்மைக்காரர் தங்கச்சி' என்று பெயர் விழுந்துவிட்டது. நாத்தனார்கள் கூடினால் அதைச் சொல்லித்தான் சிரிப்பார்களாம். இதை அவளே அழாத குறையாக என்னிடம் சொன்னாள். ரசனையில்லாத ஜனங்கள் என்று நான் ஆறுதல் சொன்னேன்.

சுதாவின் மகன் கவினுக்கு மூன்று வயது முடிந்து காதுகுத்து வைத்தார்கள். காதுகுத்து என்றால் எங்கள் பக்கம் அப்பனுக்குக்கூட அவ்வளவு வேலையில்லை. தாய்மாமன்தான் எல்லாம். அவன் தலையில் உருமால் கட்டுவார்கள், அவன் மடியில்தான் குழந்தையை உட்காரவைத்துக் காது குத்துவார்கள். அவன் கொண்டுவரும் சீர்த் தட்டுகளை ஊரே எட்டிப் பார்க்கும். பொறந்த வீட்டின் கௌரவம் மொத்தமும் அன்று அவன் மடியில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் முன்னால் சுதா போன் செய்தாள்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் பொம்மைப் பேச்சு எடுக்காதீங்க. ராக்கெட்டு, ரோபோ, ஜப்பான், எதுவும் வேண்டாமுங்க. நீங்க தாய்மாமனா வந்து கம்முனு மடிய நீட்டி உக்காந்தாப் போதும்."

"சத்தியமா பேசமாட்டேன் கண்ணு" என்றேன். பேசுவதில்லை என்றுதான் உண்மையாகவே நினைத்திருந்தேன்.

அதற்கு மூன்றாம் நாள் ரமேஷிடமிருந்து செய்தி வந்தது. ரமேஷ் என்பவர் எங்கள் குழுவுக்குப் பொம்மை பிடித்துக் கொடுக்கும் ஆள். தன்னை வியாபாரி என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். "நான் வெறும் பாதுகாவலன்ணா" என்பார். செய்தியில் ஒரே வரிதான் இருந்தது: "அண்ணா, அது வந்திருச்சு."

அது என்றால் அதுதான். வெள்ளிக் கிரகத்துக்கு ராக்கெட் விடுகிற ஒரு பழைய படத்தில் நாலு நிமிஷம் மட்டும் வரும் இயந்திர மனிதனின் தகர பொம்மை. சதுரத் தலை, நெஞ்சில் மூன்று டயல், முதுகில் சாவி. பெட்டி திறக்கப்படாதது. முன்பக்கம் கண்ணாடிக் காகித ஜன்னல். ரமேஷ் சேலத்திலிருந்து கொண்டுவருகிறார், ஞாயிறு காலை ஏழரைக்கு அவிநாசியில் ஒரு பேக்கரியில் நிற்பார், நான் வராவிட்டால் நேராகப் பெங்களூர் பார்ட்டிக்குப் போய்விடும். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் காங்கயத்தில் காதுகுத்து.

இனிமேல் வீட்டுக்குள் ஒரு தகரம்கூட வராது என்று மஞ்சுளாவிடமும் ஒரு சத்தியம் செய்து வைத்திருந்தேன். (அந்தக் காலத்தில் நான் சத்தியத்தைத் தாராளமாகச் செலவழித்தேன்.) அதனால் மூளையைப் பயன்படுத்தினேன். கோயம்புத்தூரிலிருந்து காங்கயத்துக்குப் பல்லடம் வழியாகத்தான் எல்லோரும் போவார்கள். அம்மாவையும் மஞ்சுளாவையும் சொந்தக்காரப் பெண்களையும் சீர்த் தட்டுகளோடு வேனில் ஏற்றி அந்த வழியில் அனுப்பிவிட்டு, நான் மட்டும் காரில் அவிநாசி வழியாக வருவதாகச் சொன்னேன்.

"அவிநாசி எதுக்குங்க? சுத்தல்லங்க?" என்றாள் மஞ்சுளா.

"கோயிலுக்குப் பக்கத்துல மாலை நல்லாக் கட்டுவாங்க. நம்ம மாப்ளைக்குச் சாதா மாலையா போடறது?"

அவள் முகம் மலர்ந்தது. இந்த மனிதனுக்குக்கூடக் குடும்ப அக்கறை வந்துவிட்டதே என்ற மலர்ச்சி. "அப்ப இதையும் கார்லயே வெச்சுக்குங்க. வேன்ல நசுங்கிப்போகும்" என்று லட்டுப் பெட்டியை என் கையில் கொடுத்தாள். மொத்தம் இருபத்தோரு தட்டு. சீர்த் தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். இருபது தட்டு வேனில், இருபத்தொன்றாவதான லட்டுத் தட்டு என் பொறுப்பில்.

அவிநாசி பேக்கரியில் ரமேஷ் எனக்கு முன்பே வந்து, ஒரு தேங்காய் பன்னை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பையிலிருந்து வெள்ளைத் துணிக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். எனக்கும் ஒரு ஜோடி கொடுத்தார். சுற்றிலும் ஜனங்கள் டீயில் வர்க்கியை முக்கிக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஆபரேஷன் தியேட்டர் டாக்டர்கள் மாதிரி கையுறையோடு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். டீ மாஸ்டர் பால் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ரமேஷ் பெட்டியை மேஜைமேல் வைத்தார். ஜன்னல் வழியாக அந்த முகம் என்னைப் பார்த்தது. இரண்டு கண்ணும் கொஞ்சம் மேலே கீழே இருந்தன. நெஞ்சு டயலில் ஒன்று வளைந்திருந்தது. "கையால செஞ்சதுன்னா அப்படித்தான் இருக்கும்" என்று நானே அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் நான் சொன்னதை ஒப்புக்கொண்டார். பெட்டியை முகர்ந்து பார்த்தேன். ஒரு மாதிரி பழைய வாசனை, லேசாக எண்ணெய்ச் சிக்கு. எனக்குக் கண் கலங்கியது என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. கலங்கியது.

"எதுக்காகவும் தொறந்துராதீங்கண்ணா" என்றார் ரமேஷ், என் தோளைத் தொட்டு. "தொறந்தா எல்லாம் போச்சு." அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

என்ன விலை கொடுத்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. மஞ்சுளா இதைப் படிப்பாள்.

அடுத்துதான் என் புத்திசாலித்தனத்தின் உச்சம். விசேஷத்துக்குப் போகிற காரில் எது சந்தேகம் கிளப்பாது? பரிசுப் பொட்டலம். முந்தின நாளே ஃபேன்சி ஸ்டோரில் ஒரு பொட்டலத் தாள் வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். நீலத் தாள், அதில் பலூன் பிடித்த கரடிக்குட்டிகள். டீ மாஸ்டரிடம் செல்லோ டேப் கேட்டு வாங்கி, கையுறையைக் கழற்றாமலே பெட்டியைச் சுற்றி ஒட்டினேன். மேலே ஒரு ரிப்பனும் கட்டினேன். டிக்கியில், வழியில் வாங்கிய மாலைகளுக்குப் பக்கத்தில் வைத்தபோது அது நூற்றுக்கு நூறு காதுகுத்துப் பரிசாகவே இருந்தது. யார் பார்த்தாலும் குழந்தைக்கு என்றுதான் நினைப்பார்கள் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அதற்கு இடம் பண்ண டிக்கியிலிருந்து வெளியே எடுத்துவைத்த லட்டுப் பெட்டி பேக்கரி மேஜையிலேயே இருந்துவிட்டது.

காங்கயம் கோயில் மண்டபத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. மேளம் வாசலில் காத்துக்கொண்டிருந்தது. சுதா ஓடிவந்து, "எங்கீங்கண்ணா போனீங்க?" என்றாள். என் கையிலிருந்த கார் சாவியை மஞ்சுளா வாங்கிக்கொண்டாள். மாலையை எடுக்கத்தானே என்று நானும் கொடுத்துவிட்டேன். அதற்குள் பங்காளிகள் இரண்டு பேர் என்னை இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைத்து, மூன்று முழம் துணியை என் தலையில் உருமாலாகச் சுற்றினார்கள். காதெல்லாம் மூடிக்கொண்டது.

டிக்கிக்குப் பக்கத்தில் நடந்தது எனக்குப் பிறகு தெரிந்தது. மஞ்சுளா மாலையை எடுத்தாள். லட்டைத் தேடினாள். இல்லை. வேனில் இருபது தட்டு. இருபதோடு உள்ளே போனால் பொறந்த வீட்டுக்கு எண்ணக்கூடத் தெரியாது என்று சொல்லிச் சிரிக்க அங்கே ஆள் தயாராக நின்றது. அப்போது அவள் கண்ணில் கரடிக்குட்டித் தாள் பட்டது. ரிப்பன் கட்டிய பொட்டலம். அவள் என்ன நினைத்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். பொம்மை என்றால் திறக்காமல் பூட்டி வைக்கிற மனிதன், மருமகனுக்காகத் தானே கடைக்குப் போய், தானே பொம்மை வாங்கி, யாருக்கும் சொல்லாமல் கொண்டுவந்திருக்கிறான். அதற்காகத்தான் அவிநாசி வழியாக வந்திருக்கிறான். பொட்டலத்தை எடுத்து லட்டுத் தட்டின் நடுவில் அவளே வைத்தாளாம்.

உருமாலோடு நான் வெளியே வந்தபோது சீர் வரிசை கிளம்பிவிட்டது. பழத் தட்டு, துணித் தட்டு, வெற்றிலைத் தட்டு, பலகாரத் தட்டு. கடைசியில் மஞ்சுளா. அவள் ஏந்திய தட்டில் நாலு வாழைப்பழம், குங்குமம், நடுவில் நீலத் தாளில் பலூன் பிடித்த கரடிக்குட்டிகள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சிரித்ததில்லை. நான் வாயைத் திறந்தேன். மேளக்காரர் சரியாக அந்த நேரம் பார்த்துக் காதருகே ஒரு அடி வைத்தார்.

மைக்கில் ஒருத்தர், "தாய்மாமன் சீர், இருபத்தோரு தட்டுங்க" என்று அறிவித்தார். என் ரோபோ எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டது.

மேடையில் உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக் கவினை என் மடியில் வைத்தார்கள். எதிரில் காது குத்துகிற ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கவினுக்கு ஊசி கண்ணில் பட்டுவிட்டது. அவன் போட்ட சத்தத்தில் மேளமே நின்றுபோனது. கால் இரண்டும் என் வயிற்றில் உதைத்தன.

சுதாவின் மாமியார் தட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். "மாமன் என்னமோ பொம்மை கொண்டாந்திருக்கறாராட்டம் இருக்குதே. அதக் குடுங்க, பையன் பராக்குப் பாத்துட்டிருப்பான்."

"வேண்டாமுங்க அத்தை" என்றேன்.

"ஏனுங்க?"

ஏன் என்று சொல்லப் பொருத்தமாக ஒரு பொய்கூட வரவில்லை. அதற்குள் மஞ்சுளா பொட்டலத்தைக் கவின் கையில் வைத்துவிட்டாள். கவின் அழுகையை நிறுத்தினான். கரடிகளைப் பார்த்தான். பிறகு கிழித்தான். முதலில் தாள். அப்புறம் பெட்டியின் மூலை, எங்கள் குழுவில் எட்டுப் பேர் கைகூப்பியிருக்க வேண்டிய அந்த மூலை. கண்ணாடிக் காகித ஜன்னலில் விரலை விட்டு ஒரே இழுப்பு. ரோபோ வெளியே வந்தது. யாரோ சாவி கொடுத்தார்கள். அது கவினின் தொடைமேல் கர் கர் என்று நடந்தது. அவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே ஆசாரி வலது காதைக் குத்தி முடித்துவிட்டார். பையன் முகம்கூடச் சுளிக்கவில்லை.

"பரவால்லையே, மாமன் விவரமான ஆளுதானுங்க" என்று கூட்டத்தில் ஒரு அம்மா சொன்னார். சுதா மேடைத் தூண் ஓரமாக நின்று என்னைப் பார்த்தாள். அத்தனை பெருமையாக அவள் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த இடத்தில் நான் கம்மென்று இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது. இன்னொரு காது. இரண்டே நிமிஷம்.

ஆனால் கவின் ரோபோவின் கையைப் பிடித்து முறுக்கினான்.

நான் பிடுங்கினேன். ஆமாம், தலையில் உருமாலோடு, கழுத்தில் மாலையோடு, சீர் கொண்டுவந்த தாய்மாமன், தன் மடியிலேயே உட்கார்ந்திருந்த மூன்று வயதுக் குழந்தையின் கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கினேன். அவன் விடவில்லை. நானும் விடவில்லை. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது நினைவில் இல்லை. மாறி மாறி இழுத்ததில் முதுகுத் தகடு டப்பென்று கழன்று விழுந்தது. ரோபோ என் கைக்கு வந்தது. கவின் பின்னால் சாய்ந்து, இதுவரை அழுததெல்லாம் ஒத்திகை என்கிற மாதிரி ஆரம்பித்தான்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" என்றாள் மஞ்சுளா.

"இது குழந்தைங்க வெளையாடறது இல்ல" என்றேன். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அதைச் சமாளிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி பிரசங்கம்தான். செய்த சத்தியமெல்லாம் காற்றில் போயிற்று. வெள்ளிக் கிரகம், நாலு நிமிஷக் காட்சி, யுத்தம் முடிந்த ஜப்பான், தகரப் பஞ்சம், உணவு டப்பா, எல்லாவற்றையும் சொன்னேன். சுதா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டதைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. "உள்பக்கம் அந்தக் காலத்து அச்சு இருக்கும். அதுதான் அசலுக்கு அடையாளம். வேணும்னா நீங்களே பாருங்க மாமா" என்று, கழன்ற முதுகுத் தகட்டைக் குனிந்து எடுத்துச் சின்னச்சாமி மாமாவின் கையில் நானே கொடுத்தேன்.

மாமா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். தகட்டை வெளிச்சத்தில் பிடித்தார். உள்பக்கம் எழுத்து இருந்தது. நான் சபையைச் சுற்றிப் பார்த்துத் தலையசைத்தேன்.

மாமா நிதானமாகப் படித்தார். "சுத்தமான... தேங்காய் எண்ணெய்."

தகட்டை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். "பதினஞ்சு கிலோ. காங்கயம்."

மைக் எல்லாவற்றையும் பிடித்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கேலி துளியும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார். "ஜப்பான்லயும் காங்கயம்னு ஒரு ஊரு இருக்குதுங்களா தம்பி?"

கூட்டத்தில் பாதிப் பேர் தேங்காய் வியாபாரம். நாலைந்து பேர் எழுந்து வந்து தகட்டை வாங்கிப் பார்த்தார்கள். தகரத்தின் கனத்தை நகத்தால் சுண்டிப் பார்த்தார்கள். ஒருத்தர், "இந்த டிசைன் போன வருசம்தானுங்க மாத்துனாங்க. பழைய டின்னுல தென்னமரம் எடது பக்கம் இருக்கும்" என்றார். இன்னொருத்தர் அது சரிதான் என்று உறுதி செய்தார். இத்தனை நிபுணர்களை நான் எங்கள் குழுவில் ஒருநாளும் சந்தித்ததில்லை. அறுபது வருஷப் பழமை என்று நான் கண்கலங்கி முகர்ந்த வாசனை, போன வருஷத்துத் தேங்காய் எண்ணெயுடையது.

மஞ்சுளா என் அருகில் குனிந்தாள். அவள் குரல் மைக்கில் விழவில்லை, எனக்கு மட்டும்தான் கேட்டது.

"அப்ப அது கவினுக்கு வாங்குனது இல்லீங்களா?"

முந்நூறு பேர் சிரித்ததுகூட அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் சுட்டது. நான் உருமாலைச் சரிசெய்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு அற்பமாக நான் என்னை உணர்ந்ததில்லை.

சுதாதான் மேடைக்கு ஏறி வந்தாள். அழுதிருந்தாள், முகத்தைத் துடைத்திருந்தாள். மாமாவின் கையிலிருந்து தகட்டை வாங்கி, என் கையிலிருந்து ரோபோவை வாங்கி, இரண்டையும் அழுத்திப் பொருத்தினாள். சாவி கொடுத்தாள். கவினின் கையில் வைத்தாள். அப்புறம் என்னிடம் சொன்னாள்.

"மடிய ஒழுங்கா நீட்டி உக்காருங்கண்ணா. இன்னொரு காது பாக்கி இருக்குது."

உட்கார்ந்தேன். ரோபோ நடந்தது. இடது காதும் அழுகையில்லாமல் முடிந்தது.

சாப்பாட்டுப் பந்திக்குப் போகாமல் மண்டபத்துக்குப் பின்னால் நின்று ரமேஷுக்குப் போன் செய்தேன். அவர் நான் சொன்னதை முழுக்கப் பொறுமையாகக் கேட்டார். பிறகு வருத்தமான குரலில், "பெட்டியத் தொறந்துட்டீங்களாண்ணா?" என்றார். "தொறந்தா நான் பொறுப்பில்லைன்னு அப்பவே சொன்னேனே." போன் வைக்கப்பட்டது. குழுவில் செய்தியைப் போட்டேன். எட்டுப் பேரில் ஒருத்தர்கூட ரமேஷைத் திட்டவில்லை. பெட்டியைக் குழந்தை கையில் கொடுத்ததற்காக என்னைத்தான் கண்டித்தார்கள். அடுத்த வாரம் வங்கி அதிகாரி ரமேஷிடம் ஒரு பறக்கும் தட்டு வாங்கினார். பெட்டியின் நாலு மூலையும் மடங்காமல் இருந்ததாம்.

அதற்குப் பிறகு காங்கயத்தில் 'பொம்மைக்காரர் தங்கச்சி' என்ற பெயர் மறைந்துபோனது. சுதா இப்போது சாதாரண சுதாதான். பெயர் முழுக்க என்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. பெயரும் மாறிவிட்டது. அங்கே எனக்கு 'ஜப்பான் மாமன்' என்று பெயர், பெரியவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் எண்ணெய் டின் வந்து இறங்கும்போதெல்லாம் மஞ்சுளா வாசலிலிருந்து, "ஏனுங்க, ஜப்பான்ல இருந்து சாமான் வந்திருக்குது, கையுறை போட்டுட்டு வாங்க" என்பாள். (கையுறை விஷயத்தை அவளிடம் சொன்னது என் தப்பு.)

போன மாசம் சுதாவின் மகளுக்குக் காதுகுத்து. முந்தின நாள் தட்டுகளை நான் எண்ணிப் பார்த்தேன். இருபதுதான் இருந்தது. பதறிப்போய்க் கேட்டபோது மஞ்சுளா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இருபத்தொண்ணாவது அவங்க ஊட்லதானுங்களே இருக்குது."

மண்டபத்து வாசலில் கவின் நின்றிருந்தான். பதிமூன்று வயது, என் தோளுக்கு வளர்ந்துவிட்டான். கையில் ஒரு பித்தளைத் தட்டு, அதில் நாலு வாழைப்பழம், நடுவில் அந்த ரோபோ. வண்ணமெல்லாம் போய்விட்டது, ஒரு கைக்குப் பதில் டீ ஸ்பூன் சொருகியிருந்தது, நெற்றியில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். எங்கள் பங்காளிகள் வீட்டு விசேஷம் எதிலும் ஒரு தட்டு குறைந்தால் இப்போதெல்லாம் அதைத்தான் வாங்கிப் போகிறார்களாம். அதைச் சுமந்து வர வேண்டியது தாய்மாமன்தான் என்பதும் முடிவாகியிருந்தது. உருமால் கட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். கவின் சாவி கொடுத்துவிட்டான். மேளச் சத்தத்தில் அது என் கையில், தட்டில் வட்டமாக நடந்துகொண்டே வந்தது.

"பத்து வருசமா ஒருக்காக்கூட நிக்கலீங்க மாமா" என்றான் கவின், கூடவே நடந்தபடி. "உங்க அலமாரியில பதினேழு இருக்குதே, அதெல்லாம் நடக்குமுங்களா?"

"நடக்கும். எல்லாம் அசல் ஜப்பான்" என்றேன்.

"ஒண்ணத் தொறந்து பாத்தரலாமுங்களா?"

நான் தட்டை நேராகப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். ஊருக்குத் திரும்பியதும் அலமாரிக்கு முன்னால் போய் நின்று, பதினேழு பெட்டிகளையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். பிறகு கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.